காசு போட்டுப் பார்த்தால் சோக் தெரியாது

எங்கள் திருவொற்றியூர் எதிர்வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, வங்கியில் காவல் வேலை பார்த்தவர். அவரிடம் உரிமத்தோடு ஒரு பழைய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பார்க்க வந்த தரகர் இடது குழலின் வாயில் பழைய இரண்டு பைசாவை வைத்தார். உள்ளே போகவில்லை. "ஃபுல் சோக் சார், கொஞ்சம் கடைஞ்சு விட்டுடலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கத்தியே விட்டேன்.

அன்பர்களே, இந்தக் காசு வித்தையை ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன். அத்தனையும் தப்பு. புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தவன். சோக்குக்கு அந்த மொழியில் 'எத்ராங்ளுமான்' என்பார்கள். நெரித்தல் என்று பொருள். எவ்வளவு நெரித்திருக்கிறது என்று சொல்ல, நெரிக்காத அளவும் தெரிய வேண்டாமா? முடிவு இருப்பை மட்டும் பார்த்து எந்தக் குமாஸ்தாவாவது செலவுக் கணக்கு எழுதுவானா?

வாய் 17.9 மில்லிமீட்டர் என்று வையுங்கள். உட்குழல் 18.4 என்றால் வித்தியாசம் அரை மில்லி; அது ஹாஃப் சோக். உட்குழல் 18.9 என்றால் ஒரு மில்லி, அது ஃபுல். காசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

முத்திரை படிப்பவர்களும் குறைந்தவர்கள் அல்ல. பழைய இங்கிலீஷ் குழலின் அடியில் வைரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழே 'சி' இருக்கும். அது சோக் இல்லை. தோட்டா அறையின் அளவு. 1887 முதல் 'சோக்' என்றே முத்திரை குத்தினார்கள். அதுவும் சோதனை நாளின் நிலைமையைத்தான் சொல்லும். பிறகு யார் கடைந்தார்கள், யார் வெட்டினார்கள் என்று சொல்லாது.

துப்பாக்கி போலச் செய்தது என்று விளம்பரம் செய்த புல்லட் வண்டி நம் ஊரில் உருவானது. அதன் சிலிண்டர் தேய்மானத்தைக் காசு போட்டா பார்த்தோம்? துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, போர் கேஜால் பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் ஓர் அளவு, வாயருகே ஓர் அளவு எடுங்கள். கழித்துப் பாருங்கள். ரவை எப்படிப் பரவுகிறது என்று அறிய, அனுமதி பெற்ற சுடுதளத்தில் 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் வைத்துச் சுட வேண்டும். ஃபுல் என்றால் சுமார் 70 சதவீத ரவை உள்ளே விழும். ஹாஃப் என்றால் 60.

ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட் ஒருவர் அன்று அளந்தார். இடது குழல் 18.4, வாய் 17.9. ஹாஃப்! கடைந்திருந்தால் போன இரும்பு திரும்பி வருமா? மெலிந்த பழங்குழல் கிழிந்தால் போகிற விரல் வருமா?

2011-லேயே செல்லாமல் போன அந்த இரண்டு பைசாவை வடிவுடையம்மன் உண்டியலில்கூடப் போட முடியாது. அது துப்பாக்கிக்கு மட்டும் நீதிபதியா?