அப்பாவுக்கு யார் சொல்வது?

கல்லீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் அப்பாவைக் கூட்டிவரும் பிள்ளைகள், அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மருத்துவரிடம் முதலில் சொல்வது, “அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சார்.” அடுத்துக் கேட்பது, “எத்தனை நாள் தாங்கும் சார்?”

இந்த இரண்டாவது கேள்விக்கு இன்று ரத்தம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. வியன்னா மருத்துவர்கள் முன்னின்று 2022இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டே பரிசோதனைகளை நம்பியது. பல கல்லீரல் கட்டிகள் சுரக்கும் ஏஎஃப்பி ஒரு மில்லிலிட்டரில் 100 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு புள்ளி. அழற்சியைக் காட்டும், கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பழகிப்போன சிஆர்பி ஒரு டெசிலிட்டரில் 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் இன்னொரு புள்ளி. இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சிகிச்சை) பெற்றவர்களில், புள்ளி இல்லாதவர்களில் பாதிப்பேர் 27.6 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஒரு புள்ளி என்றால் அது 11.3 மாதம், இரண்டு என்றால் 6.4.

ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேர் அந்த மாதக்கணக்கைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. சாதாரணக் கிருமித்தொற்றிலும் சிஆர்பி ஏறும். ஒரு நாள் ரிப்போர்ட்டை வைத்து யாரையும் கைவிட முடியாது. ஐரோப்பிய நோயாளிகளிடம் பிறந்த கணக்கு என்பதால், நம்மவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க, அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் மருத்துவமனைகள் தங்கள் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பிறகு என்ன ஆனார் என்று தொலைபேசியில் கேட்டுக் குறித்துவைப்பதும் அதில் சேரும்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வலிதணிப்புச் சேவையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இரண்டு புள்ளி பெற்றவரின் பெயர், கடைசி வாரம்வரை காத்திராமல் அன்றைக்கே அந்தத் திட்டத்தின் செவிலியரிடம் போக வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எந்தக் குழந்தைக்கும் தவறக் கூடாது. இந்தப் புற்றுநோயின் பெருங்காரணம் ஒன்றைத் தடுக்கும் ஊசி அது.

கடினமான பங்கு குடும்பத்துடையது. நிலத்தை விற்று அடுத்த இம்யூனோதெரபி ஊசி போடுவதா, மகள் கல்யாணத்தை முன்னுக்கு இழுப்பதா என்பது அப்பா எடுக்க வேண்டிய முடிவு. பாசத்தால்தான் மறைக்கிறோம். ஆனால், அவருடைய மாதங்களை அவருக்குத் தெரியாமல் நாம் செலவழிக்கிறோம். மருத்துவர் அவரை உள்ளே கூப்பிட்டு, “உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க ஐயா?” என்று கேட்கட்டும். அவர் வாய்திறந்து பதில் சொல்லும்வரை பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.