குறை பிள்ளையிடம் இல்லை

பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் அம்பத்தூரிலோ ஆவடியிலோ மாலை ஏழு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் இந்தக் குரல் காதில் விழும்: "புக்கைத் தொறந்து வெச்சுக்கிட்டு எங்கடா பராக்கு பாக்கற?" கூடவே ஒரு தீர்ப்பும் வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனம் நிற்பதில்லை, மன உறுதி கிடையாது, போன் கெடுத்துவிட்டது. டியூஷன் சென்டர் வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடையே இதை மறுத்துப் பேசுகிறவர் அபூர்வம். ஆனால் இதற்கு முட்டுக்கொடுக்கும் ஆதாரங்களைத் தொட்டுப் பார்த்தால் பல உதிர்ந்துவிடுகின்றன.

தங்கமீன் கதையிலிருந்தே தொடங்கலாம். மனிதரின் கவனம் 12 வினாடியிலிருந்து 8 வினாடியாகச் சுருங்கிவிட்டதாம். தங்கமீனுக்கே 9 வினாடி உண்டாம். ஊக்கப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்லும் இந்தக் கணக்கு, 2015-இல் மைக்ரோசாஃப்ட் கனடா நிறுவனம் வெளியிட்ட ஓர் அறிக்கையால் பரவியது. அந்நிறுவனம் இதைத் தானே அளக்கவில்லை. ஒரு புள்ளிவிவர இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டது. 2017-இல் பிபிசி அதன் வேரைத் தேடிப் போனபோது ஆய்வு எதுவும் அகப்படவில்லை.

மன உறுதி பற்றிய நம்பிக்கைக்கு வேர் இன்னும் ஆழம். 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் குழந்தைகள் முன் ஒரு மிட்டாயை வைத்து, பொறுத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார். பொறுத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் முந்தினார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. 2018-இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை வைத்துச் சரிபார்த்தார்கள். பொறுமைக்கும் படிப்புக்கும் சொல்லப்பட்ட தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் இளவயதுத் திறனையும் கணக்கில் சேர்த்ததும், அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

குடும்பப் பின்னணி என்றால் என்ன என்பதை அம்பத்தூருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1964-இல் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து ஷிப்ட் நேரப்படி வாழும் ஊர் இது. ஒற்றை அறையும் சமையல்கட்டும் கொண்ட வாடகை வீட்டில், இரவு வேலை முடிந்து வந்த அப்பா பகலில் தூங்குகிறார். மாலையில் டிவி, தம்பியின் அழுகை, தண்ணீர் பிடிக்கும் சத்தம் எல்லாம் ஒரே அறைக்குள். அங்கே கால் மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போடுகிற பிள்ளையிடம், தனி அறையில் படிக்கும் பிள்ளையைவிட மன உறுதி அதிகம்தான். அதற்கு மதிப்பெண் போடுவார் யாருமில்லை.

மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் படித்தால் மனதில் நிற்கும் என்பது அடுத்த கூற்று. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குழுவை ஒரே பகுதியை நான்கு முறை படிக்க வைத்தார்கள். இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. படித்துக்கொண்டே இருப்பது படித்துவிட்டது போன்ற நிறைவைத் தருகிறது, அவ்வளவுதான். பராக்குப் பார்ப்பதாகத் திட்டு வாங்கும் பிள்ளைகளில் பலர் ஒரே பக்கத்தை ஆறாவது முறை படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மனம் வெளியே போவது இயல்பு.

நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதற்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வையற்ற மாணவர்கள் பொதுத்தேர்வில் விடையைச் சொல்ல, உடனிருப்பவர் எழுதுகிறார். விடையின் முதல் வரி முதல் கடைசி வரி வரை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது இவர்களுக்குத் தேர்வுக்கூடத்தின் தேவை. கண் தெரிந்த பிள்ளைக்கும் அதுவே நல்ல வழி.

போன் மட்டுமே எல்லாவற்றையும் கெடுத்தது என்ற கூற்றும் இங்கேதான் தடுமாறுகிறது. திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் செயலி வந்தபின் பார்வையற்ற மாணவருக்குப் போனே பாடப்புத்தகம். அதற்காகப் போனால் தொல்லையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாடத்தின் நடுவே மணியடிக்கும் போன் கவனத்தை இழுக்கத்தான் செய்யும். படிக்கும் நேரத்தில் அதைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். இது பொருளை இடம் மாற்றும் வேலை. பதினைந்து வயதுப் பிள்ளையின் சபலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

விடியற்காலை நான்கு மணிப் படிப்பையும், 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே பார்த்துவிடலாம். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே பின்தள்ளிப் போகிறது. தேவையோ எட்டு முதல் பத்து மணி நேரம். இரவு பதினொன்றுக்குப் படுத்தவனை நான்குக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்துதான். மிச்சத் தூக்கம் வகுப்பறையில் வரும். 21 நாள் என்பது 1960-இல் ஓர் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் எழுதிய நூலிலிருந்து திரிந்து வந்தது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் அளந்தபோது ஒரு பழக்கம் படிய ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. 22-ஆம் நாள் தவறிய பிள்ளையைச் சோம்பேறி என்பது அநியாயம்.

கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் இனித் தேறமாட்டார்கள் என்ற பேச்சுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பள்ளி மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறே மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் மாலை வகுப்புகளால் வந்தது. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், குறித்த நேரம், உட்கார ஓர் இடம். பிள்ளைகளின் குணத்தை யாரும் மாற்றவில்லை.

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. பட்டரவாக்கத்திலும் பட்டாபிராமிலும் ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டியதில்லை. மாலையில் பூட்டப்படும் அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறையை ஒன்பது மணிவரை திறந்து, விளக்குப் போட்டு, பொறுப்பான ஒருவரை உட்கார வைத்தால் அடுத்த தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.