கேரவன் இழுக்க எந்தக் கார்? பெட்ரோலா, டீசலா?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போது ஒரு காட்சியைப் பார்க்கலாம். புத்தம் புதிய கார்களை மேலும் கீழுமாக அடுக்கிக்கொண்டு நீளமான லாரிகள் ஊர்ந்து போகும். அந்தக் கார்களில் பல, பெட்ரோல் கார்கள். அவற்றைச் சுமந்து செல்வதோ டீசல் லாரி!

"பார்த்தீர்களா? பாரம் இழுக்க டீசல்தான்!" என்று உடனே சொல்லத் தோன்றும். லாரிக்கு அது சரி. உங்கள் வீட்டுக் காருக்கும் அது சரியா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வண்டியில் ஒரு வீடு

கேரவன் என்றதும் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் பெரிய வண்டி ஞாபகத்துக்கு வரும். அதற்கு என்ஜின் உண்டு. தானே ஓடும். இன்னொரு வகைக் கேரவன் இருக்கிறது. அதற்கு என்ஜின் கிடையாது. சக்கரத்தின் மேல் கட்டிய சின்ன வீடு அது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். அதைக் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பல குடும்பங்கள் விடுமுறைக்கு இப்படித்தான் புறப்படுகின்றன. நம் நாட்டில் இது அபூர்வம். ஆனால் டிரெய்லர் இழுப்பது நமக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையிலேயே 1990-ல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. பந்தயக் கார்கள் அங்கே சாலையில் ஓடி வருவதில்லை. லாரியிலோ டிரெய்லரிலோ ஏறித்தான் வரும். இழுப்பது பந்தயக் காரானாலும் கேரவனானாலும் கணக்கு ஒன்றுதான்.

குதிரையும் காளையும்

குதிரையும் காளையும் வண்டி இழுக்கும். ஆனால் நெல் மூட்டை ஏற்றிய பார வண்டியில் யாராவது குதிரையைப் பூட்டுவார்களா? குதிரை ஓட்டத்துக்கு, காளை இழுப்புக்கு. சாதாரணப் பெட்ரோல் என்ஜினுக்கும் டீசல் என்ஜினுக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான்.

பெட்ரோல் என்ஜினில் மின்பொறி தட்டி நெருப்பு மூட்டுகிறது. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. காற்றை மிகவும் பலமாக அழுத்துவார்கள். அழுத்த அழுத்தக் காற்று சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1897-ல் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் இதை ஓட்டிக் காட்டினார். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதே தொழிற்சாலையின் கிரெட்டா கார் 2024-ல் மூன்று விதமான என்ஜின்களோடு விற்பனைக்கு வந்தது. நம் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

சாதாரணப் பெட்ரோல் என்ஜினின் சக்தி 115 குதிரை. டீசல் என்ஜினின் சக்தி 116 குதிரை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பீர்கள். இழுவையைப் பாருங்கள். சக்கரத்தைத் திருப்பும் பலத்தை முறுக்கு விசை என்கிறார்கள். பெட்ரோல் என்ஜினுக்கு அது 144. அதுவும் என்ஜின் நிமிஷத்துக்கு 4,500 தடவை சுற்றினால்தான் முழுதாகக் கிடைக்கும். டீசல் என்ஜினுக்கோ 250! அது 1,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது.

மேட்டில் வண்டியை நிறுத்துகிறீர்கள். பின்னால் கேரவன் தொங்குகிறது. மறுபடி கிளப்ப வேண்டும். டீசல் கார் அலட்டிக்கொள்ளாமல் நகரும். சாதாரணப் பெட்ரோல் கார் கத்தும். கிளட்ச் தேய்ந்து கருகும் வாடை மூக்கைத் துளைக்கும்.

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரணப் பெட்ரோல் என்ஜினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். இன்றைய டீசல் கார்களில் டர்போ என்னும் காற்றுத் திணிக்கும் கருவி இருப்பதால் அவ்வளவு நஷ்டம் இல்லை.

மூன்றாவது என்ஜினை மறந்துவிடக்கூடாது. அது டர்போ வைத்த பெட்ரோல் என்ஜின். அதன் முறுக்கு விசை 253. அதுவும் 1,500 சுற்றிலேயே கிடைக்கிறது. ஆக, இழுக்கும் பலம் டீசலுக்கு மட்டுமே சொந்தம் என்ற காலம் போய்விட்டது! ஆனால் பாரம் இழுக்கும்போது டர்போ பெட்ரோல் என்ஜின் எண்ணெயை மடமடவென்று குடிக்கும். டீசல் சிக்கனமாக இழுக்கும்.

மாமா சொன்ன கணக்கு

"டீசல் கார் வாங்கு. அதுதான் லாபம்" என்று எந்தக் குடும்பத்திலும் ஒரு மாமா சொல்வார். அவர் சொன்னது பொய்யல்ல. அந்தக் காலத்துக் கணக்கு அது. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அரசாங்கம் டீசல் விலையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2024 மார்ச்சில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம். டீசல் 92 ரூபாய் சொச்சம். வித்தியாசம் சுமார் 8 ரூபாய்தான்!

இதோ கணக்கு. 2024 ஜனவரி விலைப்படி, கிரெட்டாவின் ஆரம்ப ரகத்தில் பெட்ரோல் காரைவிட டீசல் கார் 1 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய் அதிகம். கம்பெனி சொல்லும் மைலேஜ், பெட்ரோலுக்கு லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர், டீசலுக்கு 21.8. ஒரு கிலோமீட்டர் ஓட்டப் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 5 ரூபாய் 80 காசு ஆகும். டீசலுக்கு 4 ரூபாய் 25 காசு ஆகும். மிச்சம் 1 ரூபாய் 55 காசு.

அதிகமாகக் கொடுத்த பணம் திரும்பிவர 93 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வருஷத்துக்கு 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. டீசல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. அந்தக் கரி எரிந்து சுத்தமாக வேண்டுமானால் கார் அவ்வப்போது நீண்ட தூரம் சீராக ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட், வீடு என்று சுற்றிக்கொண்டே இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். செலவு வரும்.

அந்தக் கட்டுப்பாட்டை அவசியமில்லை என்று சொல்லிவிட முடியாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்திருக்கிறது. கட்டுப்பாடு வந்தபோது மாருதி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்தியது. பக்கத்து ஒரகடத்தில் தயாராகி, டீசலுக்கென்றே பேர் வாங்கிய டஸ்டர் காரிலும் 2020-ல் டீசல் நின்றுபோயிற்று.

என்ஜினுக்கு முன்னால் எடை

கேரவன் இழுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு எடை?" என்பதுதான். கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று இங்கிலாந்தில் புதியவர்களுக்குச் சொல்வார்கள். கார் 1,300 கிலோ என்றால் கேரவன், சாமான் எல்லாம் சேர்த்து 1,100 கிலோ. அதற்கு மேல் போனால் கார் கேரவனை இழுக்காது. கேரவன்தான் காரைத் தள்ளும்!

அந்த நாட்டில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைக்க வேண்டும். வால் பக்கம் அடுக்கினால் வேகத்தில் கேரவன் பாம்புபோல் நெளியும். காரையும் கவிழ்த்துவிடும்.

காரோடு வரும் கையேட்டைப் படியுங்கள். சில கார்களுக்கு "டிரெய்லர் பூட்ட வேண்டாம்" என்றே எழுதியிருப்பார்கள். அப்படியானால் பூட்டவே கூடாது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரையும் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்கு என்ஜின் உதவும். இறங்கும்போது பிரேக்கும் நிதானமும்தான் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றும்.

யாருக்கு எது?

மாதம் தவறாமல் பாரம் இழுப்பவரா? நெடுந்தூரம் ஓடுபவரா? டீசல் வாங்குங்கள். உங்களுக்கு அது காளை.

எப்போதாவது, இலேசான டிரெய்லரை இழுப்பவரா? டர்போ பெட்ரோல் போதும். ஏற்றத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடச் செலவாகும். பரவாயில்லை.

வருஷத்துக்கு இரண்டு தடவை சுற்றுலா போகிறவரா? சாதாரணப் பெட்ரோல் காரே வாங்குங்கள். அதில் கேரவன் பூட்டாதீர்கள். ஆசை வந்தால் வாடகைக்கு எடுக்கலாம். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்திருக்கிறது. அங்கே நீங்கள் எதையும் இழுக்க வேண்டியதில்லை. வண்டியே வீடாக ஓடும்.

இரண்டு நாள் பயணத்துக்காக ஒன்றரை லட்சம் ரூபாய் அதிகம் கொடுத்து, மிச்ச நாளெல்லாம் வடிகட்டி அடைக்குமே என்று கவலைப்படுவானேன்? கார் வாங்கும் முன் போன வருஷம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பெட்ரோலா, டீசலா என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும்.