மண் குதிரையை நம்பலாம்!



காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு என் பேரன் பெங்களூரிலிருந்து வள்ளியூருக்கு வந்திருந்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறான். வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தான்.

"ஆச்சி, இது என் படை!" என்று சொல்லி, பெட்டியில் இருந்ததைத் தரையில் பரப்பினான்.

பத்து பிளாஸ்டிக் பொம்மைகள். ஒவ்வொன்றும் விரல் உயரம்தான் இருக்கும். ஓநாயின் முதுகில் ஒரு குட்டி உருவம் உட்கார்ந்திருக்கிறது. நீண்ட மூக்கு, கூரான காது, கோணல் பல், கையில் ஈட்டி! இதற்குக் 'காப்ளின்' என்று பெயராம். மேல்நாட்டுக் கதைகளில் வரும் ஒருவகைக் குட்டிச்சாத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைகளில் ராஜாவிடம் குதிரைப்படை இருப்பதுபோல, இவர்களிடம் இருப்பது ஓநாய்ப்படை. டோல்கின் என்ற ஆங்கில எழுத்தாளர் 1937ல் வெளியிட்ட 'தி ஹாபிட்' கதையிலேயே ஓநாய் மேல் ஏறிவரும் காப்ளின்கள் உண்டு. 1983ல் இங்கிலாந்தில் 'வார்ஹாமர்' என்ற மேசைப் போர் விளையாட்டு வந்தது. அதிலும் இந்தப் படை இடம்பிடித்தது.

பொம்மைகளைப் பார்த்ததுமே வீட்டில் மூன்று குரல்கள் எழுந்தன.

அடுத்த வீட்டம்மா, "டீச்சரக்கா, பேய் மாதிரி இருக்கே! இதையெல்லாம் வீட்டுல வைக்கலாமா?" என்றார்.

என் மகள், "இதை வச்சு விளையாடினா சண்டை போடத்தான் கத்துக்குவான்" என்றாள்.

என் மருமகன், "அத்தை, இந்தப் பத்து பொம்மைக்கு ஆயிரக்கணக்குல ரூபாய். இன்னும் நாலு பெட்டி வேணுங்கிறான்!" என்று தலையில் கை வைத்தார்.

மூன்றையும் யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டும் தவறு என்பது என் கருத்து. மூன்றாவதில் பாதி சரி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், பேய் பொம்மை என்ற புகார். பாபநாசம் மலையில், காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு உங்களில் பலர் ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே சங்கிலி பூதத்தாரைப் பார்த்திருப்பீர்களே? பூதம் நமக்குக் காவல் தெய்வம்! பழைய கோயில்களில் அண்ணாந்து பாருங்கள். தொந்தியும் உருட்டு விழியுமாகக் குள்ளக் குள்ளமாகப் பூதகணங்கள் செதுக்கப்பட்டிருக்கும். சில ஆடும், சில மேளம் கொட்டும், சில பாரம் தாங்கும். அவற்றைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயந்து ஓடியதில்லை. சிரிக்கத்தான் செய்யும்.

பூதப்படை மட்டுமா? குதிரைப்படையும் நம்மிடம் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் போனால், ஊர் எல்லையில் அய்யனார் கோயிலுக்கு முன்னால் மண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். இரவில் அய்யனாரும் அவருடைய ஆட்களும் குதிரை ஏறி ஊரைச் சுற்றிக் காவல் காப்பார்கள் என்பது மக்கள் நம்பிக்கை. அதற்காகவே குதிரை செய்து வைக்கிறார்கள். இந்தத் திருவிழாவுக்குப் 'புரவி எடுப்பு' என்று பெயர். புரவி என்றால் குதிரை. முதலில் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். இது 'பிடிமண்'. அவர் குதிரைகளைச் செய்து, சுட்டு, வண்ணம் பூசி முடித்ததும், ஊரே அவற்றைத் தோளில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போகும். ஆக, என் பேரனின் பெட்டியில் இருப்பது நமக்குப் புதிதே அல்ல!

இரண்டாவது, சண்டை கற்றுக்கொள்வான் என்ற புகார். இந்த விளையாட்டை எப்படி விளையாடுகிறார்கள் என்று பேரனிடம் கேட்டேன். சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் கிடையாது. மேசைதான் போர்க்களம். நாடாவால் அளந்து, இத்தனை அங்குலம் என்று படையை நகர்த்த வேண்டும். மோதல் வந்தால் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் மதிப்பெண் உண்டு. இரண்டு பக்கமும் மொத்த மதிப்பெண் சமமாக இருக்க வேண்டும். காப்ளினுக்கு மதிப்பெண் குறைவு, அதனால் நிறைய பேரை வைத்துக்கொள்ளலாம். ஆனால், அவர்கள் பயந்தாங்கொள்ளிகள். ஆபத்து வந்தால் ஓடிவிடக்கூடும்!

இதில் எங்கே சண்டை இருக்கிறது? கணக்கு இருக்கிறது. அளவு இருக்கிறது. விதிக்குக் கட்டுப்படுவது இருக்கிறது. தோற்றவன் சிரித்துக்கொண்டே பொம்மையை எடுத்து வைப்பது இருக்கிறது. பயந்தாங்கொள்ளிகளை வைத்துக்கொண்டு ஜெயிப்பது எப்படி என்ற யோசனையும் இருக்கிறது!

சதுரங்கமும் போர் விளையாட்டுதானே? யானை, தேர், குதிரை, காலாள் என்று நான்கு உறுப்புகள் கொண்ட படை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் தோன்றிய விளையாட்டு அது. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டை கட்டிய 'தம்பி' என்ற குதிரைதான் அதன் சின்னம். அந்தத் தம்பியைப் பார்த்து எந்த அம்மாவும், "பிள்ளை சண்டைக்காரன் ஆகிவிடுவான்" என்று சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். 'டைம் மெஷின்' கதையை எழுதிய எச்.ஜி. வெல்ஸ், 1913ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஈய பொம்மை வீரர்களைத் தரையில் நிறுத்தி, பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு விளையாடும் விதிகள் அதில் இருக்கின்றன. இந்தக் குட்டிப் போர், உண்மைப் போரை விட எவ்வளவோ மேல் என்று அவர் வாதாடினார். அடுத்த ஆண்டே, 1914ல், முதல் உலகப் போர் மூண்டது. 1918ல் அது முடிவதற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் படைவீரர்கள் மாண்டு போனார்கள். பொம்மைப் போரில் விழுந்தவனை மறுபடியும் நிமிர்த்தி வைக்கலாம். உண்மைப் போரில் அது முடியுமா? இந்த வித்தியாசத்தை மேசையிலேயே தெரிந்துகொள்ளும் பிள்ளை நல்ல பிள்ளைதான்.

மூன்றாவது, பணம். இங்கேதான் மருமகன் பக்கம் பாதி சாய்கிறேன். இன்னும் நாலு பெட்டி வாங்கித் தா என்று பேரன் அடம் பிடிப்பது சரியல்ல. ஆனால், "தூக்கி எறி" என்று அப்பா சொல்வதும் சரியல்ல. ஏன் தெரியுமா? அந்தப் பொம்மைகள் கடையில் முழுசாகக் கிடைப்பதில்லையாம். கை, கால், தலை என்று பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, பசை தடவி ஒட்டி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டும். ஒரே இடத்தில் பத்து நிமிடம் உட்காராத என் பேரன், ஓர் ஓநாயின் கண்ணுக்கு வண்ணம் வைக்க அரை மணி நேரம் உட்கார்ந்தான்! அதைப் பார்த்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

1980களின் நடுவில், நான் வேலையில் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் குனிந்தபடியே இருந்தான். போய்ப் பார்த்தால், குளத்து மண்ணில் பிடித்த குதிரைகள்! பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஆள். எனக்கு வந்ததே கோபம்! அத்தனையையும் வாரிக்கொண்டு போய், கை கழுவும் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

அவன் அழவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சுடல டீச்சர், அதான் கரைஞ்சிட்டு. சுட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

வகுப்பே சிரித்தது. நான் அதட்டி உட்கார வைத்தேன். பச்சை மண் நீரில் கரையும், சுட்ட மண் கரையாது. அறிவியல் பாடத்தில் இருக்க வேண்டிய உண்மை. அது அவனுடைய கையில் இருந்தது. அதைச் சொன்னதற்காக நான் அவனைப் பாராட்டவில்லை. குதிரையைக் கரைத்ததற்கு மன்னிப்பும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் வகுப்பில் மண்ணைத் தொடவே இல்லை. நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பெற்றோர்களே, பிள்ளை தன் கையால் செய்த படையை எறியாதீர்கள். குழந்தைகளே, பெட்டிப் படைக்காக அடம் பிடிக்காதீர்கள். நீங்களே செய்யுங்கள். மண் நம்மிடம் இருக்கிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருக்குறிச்சியில் இன்றும் மண்பாண்டம் செய்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

குதிரை செய்ய ஒரு சின்ன வழி. களிமண்ணில் கல், வேர் இல்லாமல் பொறுக்கிவிட்டு நன்றாகப் பிசையுங்கள். முதலில் நான்கு கால்களைக் குட்டையாக, தடியாக உருட்டுங்கள். கொஞ்சம் இறுகியதும் உடம்பை வையுங்கள். பெரிய குதிரை செய்யும் வேளார்களும் காலைத்தான் முதலில் செய்வார்கள். உள்ளே கூடாக விடுவார்கள். திண்ணையாகக் கனத்த மண் சூளையில் வெடித்துவிடும். நீங்கள் செய்ததை நிழலில் நாலைந்து நாள் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும். சுடுவது பெரியவர்கள் வேலை. நீங்கள் தீப்பக்கம் போக வேண்டாம். சுடாவிட்டாலும் பரவாயில்லை, தண்ணீர் படாமல் வைத்துக்கொண்டால் போதும்.

விளையாட்டு விதியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் ஆளுக்கு 30 மதிப்பெண். காலாளுக்கு 1, குதிரைக்கு 3. காலாள் 10 செ.மீ. நகரும், குதிரை 20 செ.மீ. நகரும். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். இரண்டு பேர் தொட்டுக்கொண்டால் லூடோ பகடையை ஆளுக்கொரு முறை உருட்டுங்கள். குதிரைக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். குறைந்தவர் அவுட். பூதப்படை வேண்டுமா? ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு பூதம். ஆனால், பகடையில் 1 விழுந்தால் பக்கத்துப் பூதமும் சேர்ந்து ஓடிவிடும்! விதி சரியில்லை என்று தோன்றினால் இரண்டு பேரும் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் மட்டும் மாற்றக் கூடாது.

என் பேரன் செய்த முதல் குதிரை கால் ஒடிந்து படுத்துவிட்டது. இரண்டாவது நின்றது. கழுதை மாதிரி இருந்தாலும் நின்றது! அதைத்தான் ஓநாய்ப்படைக்கு முன்னால் தளபதியாக நிறுத்தியிருக்கிறான். ஊருக்குப் புறப்படும்போது புதிய பெட்டி பற்றிப் பேச்சே இல்லை. "ஆச்சி, அரையாண்டு லீவுக்கு வரும்போது களிமண் எடுத்து வைப்பியா?" என்று மட்டும் கேட்டான்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பழமொழி சொல்கிறது. ஆற்றில் இறங்க வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து விளையாட மண் குதிரையைத் தாராளமாக நம்பலாம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர் ஆச்சி,
வள்ளியூர்.