கம்பியில்லா ஹெட்போன்: இல்லத்திற்கொன்று, வழிக்கொன்று

விடுமுறை கழிந்து விடுதிக்கு மீளும் நம் மாணவருள் கம்பியில்லா ஹெட்போன் இன்றி வருவார் அரியர். 2016-ஆம் ஆண்டில் ஐபோன் 7 செவிக்கம்பி செருகுந் துளையின்றியே வெளிவந்தது. பிற நிறுவனத்தார் பலரும் அவ்வழியே சென்றனர். ஆயினும், ஒரே கருவி இல்லத்துத் தொலைக்காட்சிக்கும் வழிநடைப் பாட்டிற்கும் அமையுமெனக் கருதி வாங்குதல் பிழையென்றே யாம் துணிகின்றோம்.

புளூடூத் ஒலியைச் சுருக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவழியே விடுத்து, செவியிடத்தே மீண்டும் விரிப்பது. இதற்குச் சிறிது காலஞ் செல்லும்; சில கருவிகளில் நொடியில் ஐந்திலொரு பங்கும் ஆகும். பாட்டுக் கேட்பார்க்கு இதனால் யாதொரு குறையுமில்லை. திரைப்படங் காண்பார்க்கோ, நடிகர் வாய் மூடிய பின்னரன்றோ சொல் வந்து சேர்கின்றது! படத்தைத் தாமே தாழ்த்தி ஒலியோடு இசைவிக்கும் கைப்பேசிகள் உள. எல்லாத் தொலைக்காட்சிகளும் அங்ஙனஞ் செய்வதில்லை. ஆதலின் இல்லத்திற்கு, தொலைக்காட்சியருகே வைக்கத் தனி அலைபரப்பும் பீடமுடைய ஹெட்போனே ஏற்றது. வழிக்கு இலேசானதும் மடங்குவதுமாகிய புளூடூத் வகை போதும்.

விலையை உசாவுமுன் மின்கலத்தை உசாவுக. செவியுள் அரும்புபோல் அமையும் சிறுவகைகளிற் பெரும்பாலானவற்றில் மின்கலத்தை மாற்றுதல் அரிது. அது தளர்ந்த நாளே கருவியும் கழிவாம். யாமும் அவ்வாறு ஒன்றை இழந்த பின்னரே இதனை அறிந்தோம்.

பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியை உயர்த்துவார் பலர். உலக சுகாதார நிறுவனமோ, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேற் கேளாதிருக்கச் சொல்கின்றது. ஒலி ஏற ஏற அந்நேரமும் விரைந்து குறையும். புறத்திரைச்சலை அடக்கும் வகையாயின் ஒலியை உயர்த்த வேண்டுவதில்லை. அதற்கு மிகுபொருள் தருதலை யாம் வீண்செலவு என்னோம்.