எந்தப் பேருல எழுதச் சொல்றீங்க?

போன தவக்காலத்தில் ஒரு பங்கில் பெண்கள் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். 'விசுவாசம், குடும்பம், எழுத்து: மூன்றையும் சமமாக நடத்துவது எப்படி?' பூசை முடிந்து டீயும் வடையும் கொடுத்து உட்கார வைத்தபின், கூட்டத்தை நடத்திய கன்னியாஸ்திரி காதருகில் வந்து சொன்னார்: "நேரத்த எப்படிப் பிரிச்சுக்கிறதுன்னு சொல்லுங்க டீச்சர், அதுதான் இவங்களுக்குப் பயன்படும்." அவர் கெட்டவரில்லை. என் பிரச்சினை நேரம்தான் என்று உண்மையாகவே நம்புகிறார்.

நேரமும் பிரச்சினைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, உலை வைத்து, அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, எட்டு மணிக்குக் குடும்ப செபமாலை. ஐம்பத்து மூணு மணியையும் உருட்டி முடிப்பதற்குள் மத்தியானத்திலிருந்து மனசில் வைத்திருந்த வாக்கியம் ஓடிப் போயிருக்கும். எல்லாரும் படுத்த பிறகு நோட்டைத் திறந்தால், "லைட்ட அணைச்சுட்டுப் படு, எழுதி என்னத்தக் கிழிக்கப் போற" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வரும். ஆனால் இது நாட்டில் எழுதுகிற எல்லாப் பொம்பளைக்கும் உள்ளது. ஆம்பிளைங்க அடுப்படிக்கு வரணும், அவ்வளவுதான் அதற்கு விடை. அதற்கு ஒரு கூட்டமும் வடையும் தேவையில்லை.

எங்களுக்குள்ள சிக்கல் வேறு. எங்கள் சனத்தின் விசுவாசம் ஒரு பேரில் இருக்கிறது, பிழைப்பு இன்னொரு பேரில் இருக்கிறது. எழுத வருகிறவள் எந்தப் பேரில் எழுதுவது?

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆரோக்கியமேரி, பள்ளிக்கூடப் பதிவேட்டில் செல்வி. தகப்பன் கோயிலில் அந்தோணி, ரேஷன் கார்டில் முனியாண்டி. கோயிலில் முழங்கால் போட்டு நன்மை வாங்குகிற அதே ஆள், தாலுகா ஆபீசில் கழுத்துச் செபமாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு நிற்கிறான். 'உங்கள் வீட்டிலும் இப்படித்தானா' என்று கேட்காதீர்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

இந்த இரட்டைப் பேர் எங்கள் கள்ளத்தனத்தால் வந்ததல்ல. 1950இல் குடியரசுத் தலைவர் பேரில் வந்த அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவன் அட்டவணைச் சாதி ஆகமாட்டான் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், நல்லது. 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், மிக நல்லது, அது பாபாசாகேப் வழி போன சனத்தின் உரிமை. கிறித்தவனும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். சேரியில் பிறந்து, சேரியில் வாழ்ந்து, சேரிக் கல்லறையில் புதைகிறவன் சேசுவைக் கும்பிட்டால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டவன் ஆகிவிடுகிறான், நிலம் நீச்சு வைத்திருக்கிற சாதிகளோடு ஒரே பட்டியலில் போட்டி போடுவதற்கு. தனித்தொகுதி கிடையாது. தனி வார்டு கிடையாது. வன்கொடுமைச் சட்டமும் கிடையாது. 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றத்தில் ஒரு போதகர் கொடுத்த வன்கொடுமை வழக்கு இந்தக் காரணத்தால்தான் விழுந்தது. நீதான் கிறித்தவனாச்சே, உன்னைச் சாதி சொல்லித் திட்டினால் இந்தச் சட்டம் வராது என்கிறார்கள். திட்டினவனுக்கு மட்டும் இவன் சாதி மறக்கவேயில்லை பாருங்கள்.

சூசை வழக்கை இன்றைய மாணவர்கள் படிக்க வேண்டும். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர் அவர். அரசாங்கம் 1982இல் தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்குப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியைப் பிடித்த இந்துவுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. கிறித்தவத்துக்குள் போன பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லையாம்.

ஆதாரம் இல்லையாம்! திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்த கிறித்தவனுக்கும் செத்த கிறித்தவனுக்கும் நடுவில் நின்றதே ஒரு சுவர், அது என்ன? 2008 மார்ச்சில் எறையூரில் தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள் என்பதற்காக வீடுகளை அடித்து நொறுக்கி, கடைசியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனதே, அது என்ன? அங்கே அடித்தவனும் பூசைக்குப் போகிறவன், அடி வாங்கினவனும் பூசைக்குப் போகிறவன். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். சூசைக்குத் தீர்ப்பாகி 31 வருடம் கழித்து.

அந்த ஆதாரத்தை அன்றைக்கே யார் எழுதியிருக்க வேண்டும்? நாங்கள்தான். ஏன் எழுதவில்லை? இங்கேதான் அந்தக் கூட்டத் தலைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. எழுதினால் கோயிலில் சாமியார் கூப்பிட்டு, "திருச்சபை ஒரு குடும்பம்மா, குடும்ப விசயத்தத் தெருவுக்குக் கொண்டு வரலாமா?" என்பார். எனக்கே சொல்லியிருக்கிறார்கள். தேர்பவனி எங்கள் தெருவுக்குள் வராததைப் பற்றி ஒரு சிறு பத்திரிகையில் ஒண்ணரைப் பக்கம் எழுதியதற்கு அந்த வருடத் திருவிழாவில் வாசகம் வாசிக்கிற முறை எனக்கு வரவில்லை. பெரிய தண்டனை இல்லைதான். ஆனால் அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "தேர் வரலன்னா என்ன, மாதா வருவா. நீ ஏன் வாயக் குடுத்த?" என்றார்.

வெளியே நீதிமன்றம் ஆதாரம் எங்கே என்கிறது. உள்ளே கோயில் ஆதாரத்தை வெளியே சொல்லாதே என்கிறது. இரண்டையும் மீறி என் பேர் போட்டு, நான் தலித் கிறித்தவள், எனக்கு இது நடந்தது என்று எழுதினால், அந்த எழுத்தே என் பிள்ளையின் சான்றிதழுக்கு எதிரான சாட்சி ஆகிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகக் கேட்ட அட்டவணைச் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தபோது எதை எதை எடுத்து வைத்துப் பேசியது? அவர் ஞானஸ்நானம் பெற்றதை, கோயிலுக்கு ஒழுங்காகப் போனதை. சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்கிற மோசடி என்றும் சொல்லிவிட்டது. குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர், வளர்ந்த பிறகு குற்றச்சாட்டாக வந்து நிற்கிறது. மோசடி செய்தது யார்? சூசைக்குப் பெட்டிக்கடை கொடுக்காதவர்களா, செல்வி என்று ஒரு பேர் சேர்த்து வைத்துக்கொண்டவளா?

நமது தோழர்கள் பக்கம் வருகிறேன். "இன்னும் ஏன் அந்தக் கோயிலக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க, வெளிய வாங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறார்கள். வெளியே வந்தால் சான்றிதழும் சரியாகிவிடும் என்று ஒருவர் யோசனையும் சொன்னார். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இலேயே வந்துவிட்டது. தலித் கிறித்தவப் பையனை அந்தச் சான்றிதழ் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். அது விடுதலை இல்லை தோழர். ஒரு கதவில் செருப்பைக் கழற்றுவதற்குப் பதில் இன்னொரு கதவில் கழற்றுவது.

அது போக, என் விசுவாசத்தைப் பங்குச் சாமியாரின் சொத்து என்று உங்களுக்கு யார் சொன்னது? எங்கள் அம்மாச்சி கைநாட்டு. பெரிய வியாழன் ராத்திரி கோயில் வாசலில் உட்கார்ந்து வியாகுலப் பிரசங்கம் கேட்பார். உபதேசியார் வாசித்து முடிக்கிறபோது அம்மாச்சி சொந்தமாக ஒன்று எடுப்பார், சிலுவையில் தொங்குகிற மகனைப் பார்த்து மாதா அழுவதாக. பண்ணையார் களத்தில் கட்டி வைத்து அடித்த தன் தம்பியும் அந்த ஒப்பாரிக்குள் வருவான். எது சேசு, எது தம்பி என்று பிரிக்க முடியாது. எழுத்து எனக்கு அங்கிருந்து வந்தது. பத்திரிகைகளைப் படித்துவிட்டு வரவில்லை. அந்த அழுகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வா என்றால் எந்தக் கையால் எழுதுவேன்? கோயிலைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை இருப்பதே அது எங்கள் கோயில் என்பதால்தான். மண் சுமந்து கட்டினது எங்கள் ஆட்கள்.

இன்னொரு வகைத் தோழர்கள் இருக்கிறார்கள், இலக்கியக்காரர்கள். "தன்வரலாறுன்னா பேர் போட்டு எழுதணும், அதுதான் கலகம்" என்பார்கள். துறவற சபையை விட்டு வெளியே வந்து 'கருக்கு' எழுதி 1992இல் வெளியிட்ட பாமாவுக்கும் அது புனைபெயர்தான். சொந்த ஊர்ச் சனமே முதலில் அவர் மேல் கோபப்பட்டது. அப்புறம் அதே சனம் அந்தப் புத்தகத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டது. பேர் போட்டால்தான் உண்மை என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பேர்தான் இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து பத்திரத்தில் இருக்கிற பேர். அதனால் சுலபமாகச் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் இருட்டிலிருந்து குரல் கொடுத்தவர், இப்போது நான் எழுதியதை அச்சுக்குப் போகுமுன் படிக்கிறார். பாராட்ட அல்ல. பிள்ளைக்கு இதனால் ஏதாவது வருமா என்று வரி வரியாகத் தேடுவதற்கு. ஊர்ப் பேரை அடிக்கிறார், பங்குப் பேரை அடிக்கிறார். "கோயில் பேர எடு, நாளைக்கு எவனாவது பெட்டிசன் போடுவான்" என்கிறார். எனக்கு ஆத்திரம் வரும். கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அவர் பயப்படுகிற பெட்டிசன் கற்பனை இல்லை. பக்கத்துத் தெருவில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் தனித்தொகுதியில் நின்ற ஒருவர் மேல், கல்யாணப் போட்டோவைச் சேர்த்துப் போட்டார்கள். கோயிலில் மோதிரம் மாற்றுகிற போட்டோ. என் புருசன் ஆணாதிக்கவாதியா, பயந்த தகப்பனா என்று கேட்டால் இரண்டும்தான். அந்த மூன்றாம் பத்தி இவ்வளவு வசதியாக ஒரு ஆம்பிளை கையில் கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கிறது.

2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 20 வருடம் தாண்டியும் இழுத்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை எடுத்துவிடலாம் என்றே சொன்னது. தூக்கிப் பரணில் போட்டார்கள். 2022 அக்டோபரில் மறுபடி ஒரு ஆணையம், பாலகிருஷ்ணன் தலைமையில். கெடு மேல் கெடு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. இத்தனை காகிதத்துக்கும் இடையில் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, கவுன்சலிங் வரிசைக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் பேசினேன். கன்னியாஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டல் கொஞ்சம்தான். முடிந்து வெளியே வரும்போது ஒரு பாட்டி என் முந்தானையைப் பிடித்து, வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேரன் பிறந்து மூணு மாசமாம். மகன் ஞானஸ்நானம் வேண்டாம், பின்னால் சர்டிபிகேட்டுக்குக் கஷ்டம் என்கிறானாம். பாட்டிக்குப் பயம், பிள்ளைக்குத் தண்ணி ஊத்தாமல் ஏதாவது ஆகிவிட்டால்? சாமியாரிடம் கேட்க முடியவில்லை. தாசில்தாரிடம் கேட்க முடியாது. "நீ எழுதுற பிள்ள, உனக்குத் தெரியுந்தானே தாயி. ஊத்தலாமா, வேணாமா?"

சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. "பேரன் பேரு என்ன பாட்டி?" என்று கேட்டேன்.

"எந்தப் பேரக் கேக்குற?" என்றார்.