உளவியல் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்கு

இளங்கலை முடித்த நம் பிள்ளைகள் சிலர், "ஆலோசனை உளவியலில் முதுகலை படிக்கலாமா? எங்கே சேருவது?" என்று கேட்டு வருகிறார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவர்களைப் படிக்கவைத்த தாய்மார்களோ, "அதற்கு வேலை உண்டா?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

இந்தப் படிப்பு நமக்குத் தேவை. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்றது. வகுப்பில் சாதிப் பெயர் சொல்லி அவமானப்படுத்தப்பட்ட பிள்ளையிடம், "அதை மறந்துவிட்டுப் படிப்பில் கவனம் வை" என்பது ஆலோசனை ஆகாது. அந்த அவமானம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்தவர் எதிரே உட்கார வேண்டும்.

ஆனால், சேரும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அங்கீகாரம். உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு முதல் தடை விதித்துவிட்டது. எவராவது அஞ்சல் வழியில் பட்டம் வாங்கித் தருகிறேன் என்றால் பணம் கட்டாதீர்கள். ஆலோசனை உளவியலில் பட்டம் பெற்றதாலேயே மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற தனிப்படிப்பும் பதிவும் வேண்டும்.

இரண்டாவது, களப்பயிற்சி. மருத்துவமனையிலோ பள்ளியிலோ எத்தனை மணி நேரப் பயிற்சி, அதை மேற்பார்வை செய்பவர் யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியை விட்டு நகருங்கள். மூன்றாவது, மொழி. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். நம் தெருவில் துயரம் தமிழில்தான் பேசும். தமிழில் பயிற்சி தரும் இடமா என்று விசாரியுங்கள்.

நம் வட்டாரத்திலேயே திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் முதுகலை உண்டு. மத்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலுக்கென்றே துறை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆதிதிராவிட மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கை முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள். கட்டணத்தைக் கேட்டு மிரண்டு பின்வாங்க வேண்டாம்.

அரசிடமும் ஒன்று கேட்கிறோம். தரத்துக்காகத் தொலைநிலைக் கதவை மூடியது சரியாகவே இருக்கட்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க அந்தக் கதவை நம்பியிருந்த கிராமத்துப் பெண் இனி எங்கே போவாள்? டெல்டாவின் அரசுக் கலைக் கல்லூரிகளில் இப்பாடத்தைப் பரவலாக்க வேண்டும்; பக்கத்திலேயே பெண்களுக்கு விடுதியும் வேண்டும்.

தாய்மார்களுக்கு நம் பதில் இது: வேலை உண்டு, சரியான பட்டம் இருந்தால். மனம் தாங்காமல் தவிக்கும் பிள்ளைகள் யாராக இருந்தாலும், 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நாளை அந்த எண்ணின் மறுமுனையில் நம் பிள்ளை ஒருத்தியின் குரல் கேட்கட்டும்.